பஞ்சு அக்காவின் முறை

இரண்டாவது வரிசையில் பெல்ட்டுக்கு மேலே, துணி காயப்போடும் கொடிபோல ஒரு சிவப்புக் கயிறு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடியது. அதை யார் இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும், மணி அடிக்கும், இழுத்தவரின் தலைக்கு மேல் விளக்கு எரியும். தப்பு எதையாவது பார்த்தால் இழுக்க வேண்டும் என்பது விதி. கயிறு கட்டி எட்டு மாதம் ஆகிறது. அதன் புதுக்கருக்கு இன்னும் கலையவில்லை.

அங்கே நடப்பது பெட்டி அடுக்கும் வேலை. ஆஸ்பத்திரியில் ஓர் ஆபரேஷனுக்கு வேண்டிய விரிப்பு, கிண்ணம், கையுறை, கத்தரி, ஊசி, ரத்தம் ஒற்றியெடுக்கும் பஞ்சுத்துணி என்று இருபத்திரண்டு சாமான்கள் ஒரே தட்டில் அடுக்கப்பட்டு, உறைக்குள் ஒட்டப்பட்டு வெளியே போகும். உயரமான ஸ்டூல்களில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, தட்டு தங்கள் முன்னால் வரும்போது அவரவர் பங்கை வைப்பார்கள். நீலத் தொப்பி, முகமூடி, கையுறை. ஆளுக்கு இரண்டு கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். ஒன்பது பேரும் வேறு வேறு நாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்.

அந்த வரிசையிலிருந்து போன பெட்டிகள் சில திரும்பி வந்தன. ஒரு வாரம் கிண்ணத்தைக் காணோம். இன்னொரு வாரம் கையுறை ஒற்றைக் கைக்கு மட்டும் இருந்தது. வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு டாக்டர் கையை நீட்டும்போது கத்தரி இல்லையென்றால் யார் பொறுப்பு என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. நான்கு வாரத்தில் நேரில் வந்து பார்ப்பார்களாம். திருப்தியில்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்களாம். அப்படி அவர்கள் போய்விட்டால் இரண்டாவது வரிசைக்கு மூடுவிழாதான். ஒன்பது பேரும் வீட்டைப் பார்த்துப் போக வேண்டியிருக்கும்.

இந்த நேரம் பார்த்து வரிசையின் பொறுப்பாளர் பிரசவ விடுப்பில் போனார். அந்த இடத்தில் மேலாளர் ஓர் இளம்பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தினார். மேலாளருக்கு வரிசையில் ‘கடிகாரம்’ என்று பெயர். பேசும்போதும் சுவரில் நேரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

“உனக்குத்தான் நாலு பாஷை தெரியுமே. சாயங்காலம் சூப்பர்வைசர் கிளாசுக்கும் போற. போய் அவங்ககிட்டப் பேசு.”

“பேசினா சரியாயிடுமா சார்?”

“பேசாம எப்படிச் சரியாகும்?” என்றார் கடிகாரம், நேரத்தைப் பார்த்தபடி.

அவளுக்கு இருபத்துநான்கு வயது. அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். ஒப்பந்தம் எங்கே கிடைக்கிறதோ அங்கே குடும்பம் போகும். ஆறு வயதுவரை ஒரு நாடு, பதினொன்றுவரை இன்னொன்று, பதினெட்டுவரை மூன்றாவது. இப்போது நான்காவதில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். எந்த ஊருக்குப் போனாலும் பாதித் துணியைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே வைத்திருப்பாள் என்பதால் அண்ணன் அவளுக்கு ‘சூட்கேஸ்’ என்று பெயர் வைத்திருந்தான். ஒவ்வொரு புதுப் பள்ளிக்கூடத்திலும் முதல் வாரம் அவள் ஒரு நோட்டுப் போடுவாள். யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, டீச்சரின் முகத்தைப் பார்க்கலாமா கூடாதா, கடைசி பிஸ்கட்டை எடுக்கலாமா, எடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று வரிசையாக எழுதி வைப்பாள். அந்தப் பழக்கம் விடவில்லை. அதில் அவளுக்குப் பெருமையும் இல்லை. மற்றவர்கள் மூச்சு விடுவதுபோல் செய்வதையெல்லாம் தான் மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறதே என்றுதான் நினைத்தாள்.

பொறுப்பேற்ற முதல் திங்கட்கிழமை, கடிகாரம் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்தாள். வெள்ளைப் பலகையில் ஒன்பது கட்டம் போட்டு, எந்த இடத்தில் எத்தனை தப்பு என்று எழுதி, எல்லோரையும் அதன் முன்னால் நிற்கவைத்தாள்.

“யாரையும் குத்தம் சொல்லல. தப்பைப் பார்த்தா கயித்த இழுங்க, அவ்வளவுதான். யாராவது ஏதாவது சொல்லணுமா?”

கிண்ணம் வைப்பவர் சிரித்தார். வேலை நேரம் முழுக்க எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பதால் அவருக்குப் ‘பாடகர்’ என்று பெயர். கையுறை வைக்கும் டீச்சரம்மா, சொந்த நாட்டில் பதினேழு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர், கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். பஞ்சுத்துணி வைக்கும் பஞ்சு அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வரிசையிலேயே வயதில் மூத்தவரும் உருவத்தில் சின்னவரும் அவர்தான். பலகையில் அவருடைய கட்டத்தில் நான்கு என்று எழுதியிருந்தது.

“புரிஞ்சுதா?”

“சரி” என்றார்கள் ஒன்பது பேரும்.

மறுநாள் பஞ்சு அக்கா வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் திரும்பி வந்த பெட்டிகள் முந்தைய வாரத்தைவிட அதிகம்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் அவள் சமையலறை மேஜையில் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, ஆரம்பத்துலயே கவுத்துட்டியா?” என்றான் அண்ணன்.

“சும்மா இருங்களேன். அவளே நொந்துபோய் இருக்கா” என்றாள் அண்ணி.

“இல்லண்ணி, கவுத்துட்டேன். அதுவும் தெரிஞ்சே கவுத்திருக்கேன்.” நோட்டில் பழைய பக்கம் ஒன்றைத் திருப்பினாள். “முதல் ஊர்ல, கை தூக்கிக் கேள்வி கேட்டா கெட்டிக்காரப் பொண்ணுன்னு தட்டிக்கொடுத்தாங்க. ரெண்டாவது ஊருக்குப் போய், போர்டுல கணக்கு தப்பா இருக்கு டீச்சர்னு அதே மாதிரி கை தூக்கிச் சொன்னேன். மூணு வாரம் எவளும் என் பக்கத்துல உக்காரல. வாத்தியாரை எல்லார் முன்னாடியும் நிக்கவெச்சுட்டேனாம். சரி, வாயத் திறக்கக் கூடாதுன்னு கத்துக்கிட்டு மூணாவது ஊருக்குப் போனா, இந்தப் பொண்ணுக்குப் படிப்புல ஆர்வமே இல்லன்னு ரிப்போர்ட்ல எழுதினாங்க.”

“பேசினாலும் தப்பு, பேசலன்னாலும் தப்பு” என்றான் அண்ணன். “நீ பேசாம டிராபிக் போலீசாப் போயிடு. கையை மட்டும் காட்டினாப் போதும்.”

அண்ணி சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அடங்கியது.

“அந்தக் கயித்த இழுத்தா மணி அடிக்கும், விளக்கு எரியும். பக்கத்துல இருக்கறவங்களைக் காட்டிக்கொடுக்கற மாதிரி. பஞ்சு அக்கா வளர்ந்த இடத்துல அது ஆயுசுக்கும் பகை. டீச்சரம்மாவுக்கு, மேல இருக்கறவங்க கண்டுபிடிக்க வேண்டியதைக் கீழ இருக்கறவங்க எதுக்குக் கண்டுபிடிக்கணும்னு இருக்கும். பாடகர் அண்ணன் கூச்சம் வந்தாச் சிரிப்பார். கடிகாரம் சார் என்ன நினைப்பார்னா, யாரும் ஒண்ணும் சொல்லலன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு. இது எல்லாமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போர்டுல நம்பர் போட்டேன்.”

“அந்த ரெண்டாவது ஊர்ல, குறையே யாரும் சொல்ல மாட்டாங்களா?” என்று கேட்டாள் அண்ணி, கத்தியை நிறுத்தாமல்.

“சொல்லவே மாட்டாங்க” என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

சொல்வார்கள். தினமும் சொன்னார்கள். அதே வகுப்பில், அதே பிள்ளைகள். தினம் ஒரு பிள்ளைக்கு முறை. காலையில் கையில் ஒரு மஞ்சள் துணிப்பட்டையைக் கட்டிவிடுவார்கள். அன்று முழுக்க அந்தப் பிள்ளையின் வேலை குறை கண்டுபிடிப்பது. சாயங்காலம் எழுந்து நின்று, ஜன்னல் தாழ்ப்பாள் ஆடுகிறது, குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி இல்லை என்று சொல்ல வேண்டும். குறை ஒன்றும் இல்லையென்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம், மறுநாளும் பட்டை அதே கையில்தான் இருக்கும். அதனால் யாருக்கும் யார்மேலும் கோபம் வந்ததில்லை. குறை சொன்னது பட்டைதான். அவளை மூன்று வாரம் ஒதுக்கிவைத்த அதே பெண் மறு மாதம் பட்டையைக் கட்டிக்கொண்டு, டீச்சரின் நாற்காலி கிரீச்சென்று கத்துகிறது, படிக்க முடியவில்லை என்று சொன்னாள். டீச்சர் நன்றி சொன்னார்.

இரண்டையும் அவள் இதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை. நோட்டில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்தன.

“அண்ணி, வீட்டுல மஞ்சள் துணி இருக்கா?”

மறுநாள் வேலை முடிந்ததும் பஞ்சு அக்காவின் வீட்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவரை இன்னொரு தடவை நிற்கவைத்தது போலாகும் என்று அவளுக்குத் தெரியும். பலகையை அழித்துவிட்டதாகவும், பஞ்சு மடிக்க வேறு ஆளே சரிப்படவில்லை என்றும் மட்டும் சொன்னாள். பஞ்சு அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

கடிகாரத்தைச் சம்மதிக்கவைப்பது அத்தனை சுலபமாக இல்லை.

“தினம் ரெண்டு தடவை, ஒருத்தர் கையில ஒரு மணி நேரம் பட்டையைக் கட்டி, வரிசையை வேணும்னே நிறுத்தணுங்கற.”

“ஆமா சார்.”

“குறை இல்லன்னா?”

“தேடிக் கண்டுபிடிக்கணும் சார்.”

“ஏம்மா, ஓடுற வண்டியை நிறுத்தி டயரை உதைச்சுப் பாக்கற கதையா இருக்கே. கயித்த ஏன் இழுக்கலன்னு அவங்களையே கேட்டாப் போச்சு.”

“கேட்டேன் சார். சரின்னு சொன்னாங்க.”

“அப்பச் சரிதானே?”

“அதான் சார் இல்ல.”

கடிகாரம் அவளைப் பார்த்தார். நேரத்தைப் பார்க்காமல் அவர் ஓர் ஆளைப் பார்த்தது அன்றுதான். “பத்து நாள்” என்றார்.

முதல் பட்டை பாடகர் கையில். அவர் ஒரு மணி நேரமும் பாடிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி நிமிஷத்தில் மாட்டிக்கொண்டவர்போல் கயிற்றை எட்டி இழுத்தார். மணி அடித்தது. எட்டு மாதத்தில் முதல் முறையாக பெல்ட் நின்றது. எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

“ஸ்டூல் கால் ஆடுது” என்றார் பாடகர்.

“அவ்வளவுதானா?”

“அதுவே பெரிசு. நாலு மாசமா ஒரு கால்லயே உக்காந்திருக்கேன்.”

எட்டு ஜோடிக் கண்கள் சிரித்தன. அவள் உடனே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அங்கேயே, அப்போதே ஸ்டூல் காலை முடுக்கவைத்தாள். அதுதான் பலித்தது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டாள். சொன்னால் நடக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள்.

அடுத்து டீச்சரம்மா. அவர் பத்தாவது நிமிஷத்திலேயே இழுத்தார்.

“பதினேழு வருஷம் பசங்க நோட்டுல தப்பைச் சுழிச்சவ நான். வேலைன்னு குடுத்துட்டா விடுவேனா?” என்றார். “இடது கையுறை டப்பாவும் வலது கையுறை டப்பாவும் ஒரே நிறத்துல இருக்கு. ஒண்ணு இடது பக்கம் வரணும், ஒண்ணு வலது பக்கம். யாரு அடுக்குறாங்களோ அவங்களுக்கு என் கைல ஒரு நாள் பாடம் இருக்கு.”

மூன்றாம் நாளுக்குள் காரணங்கள் குவிந்தன. பெல்ட் திரும்பும் வளைவில் தட்டு குலுங்கி, கிண்ணம் கீழே விழுகிறது. விழுந்ததை எடுத்துவைப்பதற்குள் தட்டு போய்விடுகிறது. இத்தனை நாளும் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வளைவில் ஒரு தகட்டை மாட்டினார்கள். அந்த வாரம் திரும்பி வந்தது ஒரே ஒரு பெட்டி. அதற்கு அடுத்த வாரம் ஒன்றுமில்லை. பத்து நாள் தாண்டியதைக் கடிகாரம் கவனிக்காததுபோல் விட்டுவிட்டார்.

பஞ்சு அக்கா மட்டும் இழுக்கவில்லை. அவர் முறை இரண்டு தடவை வந்தது. பட்டையைக் கட்டிக்கொண்டார், ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அவிழ்த்துக் கொடுத்தார். நடுவில் இரண்டு தடவை தலையைத் தூக்கிக் கயிற்றைப் பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார். மறுபடியும் அவர் கையிலேயே பட்டையைக் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. சத்தமில்லாமல் அடுத்தவருக்கு மாற்றிவிட்டாள். அன்று நோட்டில் பஞ்சு அக்காவைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் எழுதினாள். அவருக்கு இன்னும் அவமானமாக இருக்கலாம், வயதில் மூத்தவர்கள் குறை சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லையோ என்னவோ, தனியாகக் கேட்கலாமா, கேட்டால் புண்படுமா என்று ஒன்று விடாமல் எழுதினாள். எழுதி முடித்தபோது முன்னைவிடக் குழப்பமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிற நாள் காலையில் கடிகாரம் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“இன்னிக்கு மட்டும் பட்டை வேண்டாம். வந்தவங்க முன்னாடி பெல்ட் நின்னா மானம் போயிடும்.”

அவள் தலையாட்டப் போனாள். எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், எது கேட்கிறார்களோ அதைச் செய்து பழகியவள்.

“சார், ஆள் பாக்கும்போது கழட்டினா, அது விளையாட்டுன்னு ஆயிடும். நாளைக்கு யாரும் கட்டிக்க மாட்டாங்க.”

“நின்னுபோச்சுன்னா?”

“நான் பதில் சொல்றேன்.”

கடிகாரம் சுவரைப் பார்த்தார். “பத்து மணிக்கு வராங்க. அப்ப யார் முறை?”

“பஞ்சு அக்கா.”

அவர் முகம் தெளிந்தது. “அவங்களா? அப்பச் சரி, கட்டிவிடு. அந்தம்மா கொசு கடிச்சாலே கையை அசைக்காது.”

உண்மையைச் சொன்னால், அவளுக்கும் உள்ளூர நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

வந்தது இரண்டு பேர். ஓர் அதிகாரி, ஆபரேஷன் தியேட்டரின் தலைமை நர்ஸ் ஒருவர். நர்ஸ் பருத்த உடம்பும் கூரிய கண்ணுமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டூல் ஸ்டூலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பாடகர்கூடப் பாட்டை நிறுத்தியிருந்தார். பெல்ட் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. கடிகாரம் நேரத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அப்போது பஞ்சு அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினார்.

அவர் பக்கத்தில் இருந்த பாடகரைப் பார்த்தார். பாடகர் அவரைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, பாடகர் தன் ஸ்டூலைவிட்டு எழுந்து, அதை இழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பஞ்சு அக்கா அதன்மேல் முழங்காலை ஊன்றி, பிறகு பாதத்தை ஊன்றி, நிமிர்ந்து நின்று, சிவப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவதுபோல் இழுத்தார்.

மணி அடித்தது. பெல்ட் நின்றது. விளக்கு பஞ்சு அக்காவின் தொப்பிக்கு நேர் மேலே எரிந்தது.

கடிகாரம் கண்ணை மூடிக்கொண்டார். அவள் போய் ஸ்டூல் அருகில் நின்றாள்.

“சொல்லுங்கக்கா. உங்க முறை.”

“நூல் இல்ல” என்றார் பஞ்சு அக்கா.

அவர் கையை நீட்டினார். கையில் ஒரு மடிப்புப் பஞ்சுத்துணி. ஒவ்வொரு துணியிலும் ஒரு நீல நூல் ஊடே ஓட வேண்டும். ஆபரேஷனில் தவறிப்போய்த் துணி உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டால், எக்ஸ்ரேயில் கண்ணுக்குத் தெரிவது அந்த நூல்தான். வெறும் துணி தெரியாது. அவர் நீட்டிய துணி வெள்ளை வெளேரென்று இருந்தது.

தலைமை நர்ஸ் முன்னால் வந்து அதை வாங்கி, பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார். மூன்றாவதையும் பார்த்தார்.

“இதுல எத்தனை தட்டு போயிருக்கு?”

“புதுக் கட்டு. இப்பதான் பிரிச்சேன்” என்றார் பஞ்சு அக்கா, ஸ்டூல்மேல் நின்றபடியே. “மடிப்புக்குள்ள இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது. நூல் இருந்தா விரலுக்குக் கொஞ்சம் முரடாத் தட்டும். மூணாவது தட்டுல சந்தேகம் வந்துச்சு. அஞ்சாவதுல இறங்கிட்டேன்.”

அவள் ஓடிப்போய் ஐந்து தட்டுகளையும் உறை ஒட்டும் இடத்துக்கு முன்னாலேயே பிடித்துவிட்டாள். ஐந்திலும் நூல் இல்லை. மிச்சக் கட்டிலும் இல்லை.

நர்ஸ் மூன்று துணிகளையும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு முகமூடிக்குள்ளிருந்து கனத்த குரல் வந்தது.

“இதை நாங்க கண்டுபிடிச்சிருந்தா, யாரோ ஒருத்தர் வயித்துக்குள்ளதான் கண்டுபிடிச்சிருப்போம்.” கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். “இந்த மாசத்துல மூணு இடம் பாத்துட்டோம் சார். எல்லா இடத்துலயும், நாங்க நிக்கற நேரம் முழுக்க பெல்ட் நிக்கவே இல்ல. எங்க முன்னாடி நிறுத்தினது இவங்க ஒருத்தர்தான்.”

“எங்க வரிசையில சார்... எங்க வரிசையில மேடம், தினம் ரெண்டு தடவை நிறுத்துவோம்” என்றார் கடிகாரம் நிமிர்ந்து, என்னவோ அவரே கண்டுபிடித்ததுபோல். டீச்சரம்மாவின் கண்கள் உத்தரத்தைப் பார்த்தன.

“அது என்ன கையில மஞ்சளா?” என்று நர்ஸ் கேட்டார். அவள் சொன்னாள். திக்கித் திக்கி ஆரம்பித்து, ஜன்னல் தாழ்ப்பாள், கிரீச்சிடும் நாற்காலி என்று முழுக்கச் சொன்னாள். நர்ஸ் கேட்டுவிட்டு, “ரெண்டு கஜம் மஞ்சள் துணி எங்க தியேட்டருக்கும் வேணும்மா” என்றார். “எங்க டாக்டர்கள்கிட்டயும் குறை சொல்ல ஆள் கிடையாது.”

அவர்கள் போன பிறகு இடைவேளையில் எல்லோரும் முகமூடியைக் கழற்றினார்கள். பஞ்சு அக்கா சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எழுதி வைத்த இரண்டு பக்கமும் மனதில் ஓடின. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராகக் கேட்டாள்.

“அக்கா, போன ரெண்டு முறையும் ஏன் இழுக்கல?”

பஞ்சு அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுடைய நெட்டைக் காலிலிருந்து கிளம்பித் தலைவரை வந்து சேர நேரம் பிடித்தது.

“எட்டல.”

“என்னது?”

“கயிறு எனக்கு எட்டல.”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா.”

“குறை சொல்லணும்னா கயித்த இழுக்கணும்னு நீதானே சொன்னே.”

பாடகர் குடித்த தண்ணீர் புரையேறிப்போனது. டீச்சரம்மா அவர் முதுகில் பளார் பளாரென்று தட்டினார். பஞ்சு அக்காவும் சிரித்தார். முன்வரிசையில் ஒரு பல் இல்லாத அந்தச் சிரிப்பை அவள் அன்றுதான் பார்த்தாள்.

“அப்ப இன்னிக்கு எப்படி?”

“இன்னிக்கு எட்டலன்னு சும்மா இருக்க முடியுமா?” என்றார் பஞ்சு அக்கா. “அதுவுமில்லாம, ஸ்டூல் இப்ப ஆடறதில்ல.”

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இரண்டாவது வரிசை மூடப்படவில்லை. ஆஸ்பத்திரி இன்னும் ஒரு வகைப் பெட்டியையும் அவர்களிடமே ஒப்படைத்திருந்தது. முதல் வரிசைக்காரர்கள் வந்து மஞ்சள் பட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்கள். அண்ணியின் பழைய திரைச்சீலையில் பாதி அதற்கே தீர்ந்தது. பொறுப்பாளர் வேலை அவளுக்கே நிரந்தரமானது. சாயங்கால வகுப்பில் இதைச் சொல்லச் சொன்னபோது, இரண்டு பக்கம் எழுதி ஏமாந்த கதையைத்தான் முதலில் சொன்னாள். அந்தப் பக்கங்களின் கீழே இப்போது ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘எந்த ஊர் என்று யோசிக்கும் முன்னால், எவ்வளவு உயரம் என்று பார்.’

“சூட்கேஸ் காலியா இருக்கே, எங்க போச்சு துணியெல்லாம்?” என்று அந்த வாரம் அண்ணன் கேட்டான்.

“அலமாரில. இனிமே அவளுக்கு அந்தப் பேரு செல்லாது, பாத்துப் பேசுங்க” என்றாள் அண்ணி.

கயிற்றை ஒன்றரை அடி இறக்கிக் கட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை காலை, பஞ்சு அக்கா மஞ்சள் பட்டையோடு அவளிடம் வந்து கையை நீட்டச் சொன்னார்.

“நான் வரிசையில உக்காரறதில்லையேக்கா.”

“பத்தாவது ஆள் நீதான். கையைக் குடு.”

கட்டிக்கொண்டு, பெல்ட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை குறை தேடி நடந்தாள். வளைவில் தகடு சரியாக இருந்தது. கையுறை டப்பாக்கள் இரண்டு நிறத்தில் இருந்தன. பஞ்சு மடிப்புகளில் நீல நூல் இருந்தது. பாடகர் ஏதோ ஒரு பாட்டின் நடுவில் இருந்தார். ஒன்பதாவது ஸ்டூலைத் தாண்டித் திரும்பும்போது பொட்டென்று கயிறு அவள் நெற்றியில் இடித்தது.

நிதானமாக அதைப் பிடித்து இழுத்தாள். மணி அடித்தது. ஒன்பது ஜோடிக் கண்கள் திரும்பின.

“கயிறு என் நெத்தியில இடிக்குது” என்றாள்.

“எழுதிக்கோங்க” என்றார் டீச்சரம்மா.

“குனிஞ்சு நடங்க லீடரம்மா” என்றார் பாடகர்.

“அதெல்லாம் முடியாது” என்று பஞ்சு அக்கா வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். “குறைன்னா குறைதான். மெக்கானிக்கைக் கூப்பிடு.”